எலும்புக் கம்போவும் ஒநெசீமின் நாக்கும்

ஒநெசீம் டூகா ஒரு சாப்பாட்டை நன்றாக இருக்கிறது என்று சொல்லி பாயூ டெஷ் ஆற்றங்கரையில் யாரும் கேட்டதில்லை. கல்யாண விருந்தோ, கோயில் திருவிழாவோ, பெற்ற தாய் ஆக்கிப் போட்டதோ, எதுவானாலும் ஒரு வாய் வைப்பார், கூரையைப் பார்ப்பார், ஒரு குறை சொல்லுவார். அதற்குப் பிறகுதான் இரண்டாவது வாய். பிறகு தட்டை வழித்துத் துடைத்துவிட்டு இன்னொரு தட்டு கேட்பார். சமைத்தவர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் ஒன்று, அவர் சொன்ன குறை பொய்யாக இருந்ததே கிடையாது.

பக்கத்து வீட்டு க்ளோவிஸ் வருடம் தவறாமல் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வான்கோழியைப் புகையில் வாட்டுகிறவர். பீக்கன் கொட்டை மரத்துக் கட்டைதான் போடுவார், வேறு கட்டையைத் தொடமாட்டார். ஒரு வருடம் பாதியில் கட்டை தீர்ந்துபோனது. கொல்லையில் கிடந்த உடைந்த ஆடும் நாற்காலியின் ஒரு காலை எடுத்து அடுப்பில் செருகிவிட்டார். பார்த்தவர் யாருமில்லை, பெண்டாட்டிக்கும் தெரியாது. மறுநாள் அந்தப் பறவையின் எலும்பு மற்ற வீட்டு எலும்புகளோடு சேர்ந்து கம்போ என்கிற கெட்டிக் குழம்பில் கொதித்து, மிளகாயும் வெங்காயமும் கலந்து, சோற்றின்மேல் ஊற்றி ஒநெசீம் முன்னால் வந்தது. ஒரு வாய். கூரை.

"ஏன்டா க்ளோவிஸ், எந்த நாற்காலிய எரிச்ச?"

க்ளோவிஸ் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அன்று முதல் அவருக்கு ஒநெசீம் அண்ணன் ஒரு பாதி சாமி. "அண்ணன் நாக்கு அண்ணனோடது இல்ல, மேல இருந்து குடுத்தது" என்று கேட்காதவர்களையும் நிறுத்திவைத்துச் சொல்லுவார்.

மகள் ரெனெலுக்கு அந்த நாக்கின்மேல் சின்ன வயதில் பயமே உண்டு. சமைக்கிறவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதும் அப்பாவுக்கு ருசியில் தெரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். நம்பாமல் என்ன செய்வாள்? ஒரு நாள் கம்போவில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அம்மாவைப் பார்த்து, "மாவு வறுக்கிறப்ப யார்கிட்ட போன்ல பேசிக்கிட்டு இருந்த?" என்று கேட்டார். அம்மா எல்வினா தன் அக்காவிடம் பேசிக்கொண்டுதான் இருந்தாள். மாவு ஓர் ஓரத்தில் மயிரிழை தீய்ந்திருந்தது. வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை.

அவருக்கு வேலை சர்க்கரை ஆலையில். பாகு காய்ச்சுகிற இடத்தில் நின்று, பதம் வந்ததா என்று பார்த்துச் சொல்லுகிற வேலை. விரலில் ஒரு சொட்டை எடுத்துத் தேய்ப்பார், நாக்கில் வைப்பார், தலையை ஆட்டுவார். நாள் முழுக்க மூக்கிலும் சட்டையிலும் தலைமயிரிலும் இனிப்பு. அதனால் வீட்டில் இனிப்பைக் கண்ணில் காட்டக் கூடாது. காபியில் சர்க்கரை கிடையாது. பண்டிகைக்குச் சர்க்கரை தூவிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு மேசைக்கு வந்தால், "இது யாருக்குப் பேதி மருந்து?" என்பார்.

நவம்பரில் கரும்பு வெட்டு உச்சத்தில் இருக்கும். ஆலை பண்டிகை பார்க்காது. ஊரே வியாழக்கிழமை வான்கோழியைச் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒநெசீம் கொதிக்கிற பாகைச் சுற்றி நிற்பார். வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அதனால் எல்வினாவுக்கு வியாழன் விருந்து ஒரு கடமை, வெள்ளிதான் பண்டிகை. மிஞ்சிய எலும்பைப் போட்டு அவருக்காகக் கம்போ வைக்க ஆரம்பித்தாள். மணம் சாலைக்குப் போனது. அடுத்த வருடம் க்ளோவிஸ் தன் வீட்டு எலும்பையும் கொண்டுவந்து கொடுத்து ஒரு கிண்ணம் வாங்கிப் போனார். அதற்கடுத்த வருடம் இன்னும் சில வீடு. இப்போது வியாழன் சாயங்காலம் ஆனால் சாலை நெடுகிலும் இருந்து எலும்பு வருகிறது. பொரித்த பறவை, புகைபோட்டது, அடுப்பில் சுட்டது, எல்லாம் அலுமினியத் தாளில் சுற்றிப் பின்படியில் இருக்கிற ஐஸ் பெட்டிக்குள் அடங்கிவிடும். பண்டிகை எலும்பைக் குப்பையில் போடுகிற வீட்டில் பெண் எடுக்கக்கூட இந்தச் சாலையில் யோசிப்பார்கள்.

விருந்துக்காரர்கள் சதையைத் தின்றுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு கூடு, கழுத்து, ரெண்டு இறக்கை நுனி. பார்த்தால் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு சாலையே வயிறு நிறைகிறதே, அது எப்படி என்று ரெனெலுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அம்மாவிடம் கேட்டால், "கொதிக்க விடணும், வேறென்ன" என்பாள்.

ஆனால் கம்போ வந்தால் மட்டும் போதாது. எல்லோரும் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஒநெசீம் வாய் வைத்து இந்த வருடத்துக் குறையைச் சொல்ல வேண்டும். சொன்னதும் ஒரு கூச்சல், ஒரு சிரிப்பு, எல்வினா கரண்டியை ஓங்குவாள். அப்புறம்தான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். மந்திரம் சொல்லாமல் பூசை முடியாது அல்லவா, அந்த மாதிரி.

போன வசந்தத்தில் அவர் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கோடை முழுக்கக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தார்கள். கட்டி கரைந்தது, புண் ஆறியது, விழுங்கவும் தடை இல்லை என்றார்கள். ருசி திரும்புமா என்று கேட்டதற்கு மட்டும் டாக்டர் கையை விரித்துவிட்டார். சிலருக்கு வரும், சிலருக்கு வராது. ஒநெசீமுக்கு வரவில்லை. எதை வாயில் வைத்தாலும் நனைந்த காகித அட்டை. ரெண்டு கரண்டி, மூன்று கரண்டி, பிறகு தட்டை நகர்த்திவிடுவார். ஆள் பாதியாகிவிட்டார், கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. பண்டிகை கழிந்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் வாயால் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் வயிற்றில் குழாய் வைத்துவிடுவது என்று முடிவு. அவரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

அந்த மரியாதைதான் எல்வினாவைக் கொன்றது. ஹூஸ்டனில் இருக்கிற மகளிடம் போனில் சொல்லி அழுதாள்.

"நேத்து பீன்ஸ்ல உப்பே போடலடி. மறந்துட்டேன். ஒரு கல்லு உப்பு இல்ல. தின்னுட்டு, 'நல்லா இருக்கு எல்வினா, நன்றி'ன்னு சொல்லுது அந்த மனுசன்! வாழ்க்கை பூரா என் சோத்தத் திட்டித் திட்டியே தின்ன மனுசன். இப்ப நன்றியாம், நன்றி."

"நான் வெள்ளிக்கிழமை வந்துர்றேம்மா. இந்த வருஷம் கம்போ வேணாமே? அவர் முன்னால வச்சுக்கிட்டு நாம எப்படி..."

"வைக்காம இருந்தா அவரு செத்துட்டாருன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. வைப்பேன்" என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை ரெனெல் தன் புருசன் வீட்டாரோடு ஹூஸ்டனில் இருந்தாள். ஆபீஸ் வேலையில் மூச்சுவிட நேரமில்லாததால் பறவையைக் கடையில் சமைத்ததாகவே வாங்கியிருந்தாள். தேன் பூசி, உள்ளே சர்க்கரைத் தண்ணீர் ஏற்றி, கண்ணாடி மாதிரி மினுமினுக்கிற வான்கோழி. மாமியார் வீட்டில் எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். அவள் ஒரு துண்டு தின்றுவிட்டு, அப்பா பார்த்தால் என்ன சொல்லுவார் என்று நினைத்துத் தனியாகச் சிரித்தாள், பிறகு சிரிக்க முடியவில்லை.

விருந்து முடிந்து நாத்தனார் எலும்புக் கூட்டைக் குப்பைப் பைக்குள் போடப் போனபோது ரெனெலின் கை தானாக நீண்டு பிடித்துக்கொண்டது. தேன் எலும்பு கம்போவுக்கு ஆகாது என்பது பாயூ டெஷ் கரையில் பிறந்த யாருக்கும் தெரியும். ஆனால் எலும்பை எறியக் கூடாது என்பதும் தெரியும். இரண்டில் எது பெரிய பாவம் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தோலை மட்டும் உரித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தாளில் சுற்றி ஐஸில் வைத்தாள்.

விடிவதற்குள் கிளம்பி வந்தாள். கரும்பு லாரிகள் சாலையில் காய்ந்த சோகை இலைகளை உதிர்த்துக்கொண்டு போயின. ஆலைப் புகையின் இனிப்பு வாடை காருக்குள் வந்தது. வீட்டுக் கொட்டகையில் பெரிய பாத்திரத்தில் எலும்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் துடுப்புக் கரண்டி, மறு கையில் வெள்ளை ரொட்டிக்குள் மயோனைஸ் தடவிக் குளிர்ந்த வான்கோழி வைத்த காலைச் சாப்பாடு, இப்படி நின்றுகொண்டிருந்தார் க்ளோவிஸ்.

"அம்மா எங்க, மாமா?"

"உள்ள மாவு வறுக்குது. கிட்டப் போகாத, கடிச்சிரும்."

உண்மைதான். மாவையும் எண்ணெயையும் இரும்புச் சட்டியில் போட்டுப் பழைய செப்புக் காசு நிறம் வரும்வரை கிண்டுகிற நேரத்தில் வீடு பற்றி எரிந்தாலும் எல்வினா திரும்பிப் பார்க்கமாட்டாள். ரெனெல் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். அம்மா தோளைக் குலுக்கினாள், அவ்வளவுதான் வரவேற்பு.

"இது என் வீட்டு எலும்பு, மாமா. ஹூஸ்டன் எலும்பு."

"போடு போடு. எந்த ஊர் எலும்பா இருந்தா என்ன, வெந்தா நம்ம ஊருதான்."

அவள் போட்டுவிட்டாள். தேனைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். தோலைத்தான் உரித்துவிட்டோமே, இத்தனை எலும்பு நடுவில் ஒரு கூடு என்ன செய்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்பாவைப் பார்க்க உள்ளே ஓடினாள்.

அவர் ஜன்னலோரம் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. "வந்தியா கண்ணு. ரொம்ப தூரம் ஓட்டிட்டு வந்திருக்க. நன்றி" என்றார். பெற்ற மகளுக்கு நன்றி! ரெனெல் குளிக்கிற அறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மதியம் எலும்பை வடித்து, ஒட்டியிருந்த சதையை விரல் சுடச் சுட எல்லோருமாக உதிர்த்தார்கள். கறுத்த மாவில் வெங்காயமும் குடைமிளகாயும் செலரியும் விழுந்து சீறின. சாறு ஊற்றினார்கள், புகைபோட்ட சாசேஜ் போட்டார்கள், சதையைப் போட்டார்கள். மணம் எழுந்தபோது கொட்டகையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மூக்கை உயர்த்தினார்கள். வருடா வருடம் முகர்ந்த மணம்தான், வருடா வருடம் இப்படித்தான் வாயடைத்து நிற்பார்கள்.

எல்வினா கரண்டியில் எடுத்து ஊதி ருசி பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் ரெனெலுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"என்னடி போட்ட?"

"அம்மா..."

"என்ன போட்ட, சொல்லு."

"என் வீட்டு எலும்பு. தேன் பறவை. தோல உரிச்சிட்டேம்மா..."

எல்வினா கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை. மிளகாய்த் தூளை அள்ளிப் போட்டாள், உப்புப் போட்டாள், வினிகர் விட்டாள். மறுபடி ருசி பார்த்தாள். இனிப்பு எல்லாவற்றுக்கும் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது. வாசலில் ஊர் கூடிவிட்டது, சோறு வடித்தாகிவிட்டது, வேறு கம்போ வைக்க எலும்பும் இல்லை.

"சரி விடு" என்றாள் மெதுவாக. "மத்தவங்க வாய மூடிக்கிட்டுத் தின்னுட்டுப் போவாங்க. அவருக்கு எங்க தெரியப் போகுது."

ரெனெலுக்கு அந்தக் கடைசி வார்த்தை செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. நாற்காலிக் காலைக் கண்டுபிடித்த நாக்கு. அதைப் பற்றி, அதற்குப் பயந்தே வாழ்நாள் முழுக்க அடுப்பில் நின்றவள் சொல்லுகிற வார்த்தையா இது? திட்டவாவது திட்டியிருக்கலாம்.

பந்தி ஆரம்பித்தது. இந்த வருடம் யாரும் ஒநெசீமுக்காகக் காத்திருக்கவில்லை. பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் ஒருவரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. கிண்ணத்தை வாங்கியதும் குனிந்து தின்ன ஆரம்பித்தார்கள். முதல் வாயிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. க்ளோவிஸ் கண்ணில் தண்ணீர் வர விழுங்கினார். "பிரமாதம்" என்றார். "இந்த வருஷம்தான் டாப்பு" என்றாள் எதிர்வீட்டுக்காரி. நோயாளி இருக்கிற வீடு, எல்வினா முகம் வாடக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் எண்ணம். அன்று அந்த அறையில் சொல்லப்பட்ட பொய்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கப் பாதிரியாருக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

எல்வினா ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் சோறும் மேலே கம்போவும் ஊற்றி அவர் மடியில் வைத்தாள். "இந்தா மனுசா. ரெண்டு வாய் போதும். எனக்காக."

ஒநெசீம் ஒரு கரண்டி எடுத்தார். வாயில் வைத்தார், விழுங்கினார். கரண்டியைக் கீழே வைத்தார். எல்வினா அந்த நன்றியை வாங்கிக்கொள்ளத் தயாராக முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டாள்.

நன்றி வரவில்லை.

அவர் மறுபடி கரண்டியை எடுத்தார். இன்னொரு வாய். இந்தத் தடவை விழுங்காமல் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். கன்னம் ஒட்டிய அந்த முகம் மெல்ல மேலே திரும்பியது. கூரையைப் பார்த்தார்.

முதலில் பார்த்தவர் க்ளோவிஸ். பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தார். அவள் இன்னொருத்தியை இடித்தாள். ஒவ்வொரு கரண்டியாக நின்றது. ஒநெசீமின் இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தன, ஆலையில் பாகுப் பதம் பார்க்கிறபோது தேய்க்கிறமாதிரி.

"எல்வினா" என்றார். குரல் உடைந்த குழாயில் காற்று வருகிறமாதிரி வந்தது. "இதுல சர்க்கரை இருக்கு."

எல்வினா காதைக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"என்ன சொன்ன?"

"சர்க்கரைங்கறேன். காது கேக்கலையா? எந்த மடச் சாம்பிராணி கம்போவுல சர்க்கரையக் கொட்டுனது?"

"நான்தான்ப்பா!" ரெனெல் கத்தியேவிட்டாள். பரிசு விழுந்தவள் எழுந்து நிற்கிறமாதிரி கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான்தான். தேன் பறவை. கடையில வாங்குனது. எலும்பு மட்டும்தான் போட்டேன்."

"கடையிலயா! தேனா! ஹூஸ்டனுக்குப் போயி உனக்கு நாக்கு செத்துப் போச்சா? ஆலையில காலம் பூரா இந்தக் கருமத்தோட மல்லுக்கட்டுனது போதாதுன்னு, எங்க வீட்டு எலும்புச் சட்டிக்குள்ளயும் கொண்டுவந்து விட்டியா?" மூச்சு வாங்கியது. நிறுத்தி, எச்சில் விழுங்கி, அறையைச் சுற்றிப் பார்த்தார். "நீங்கல்லாம் என்னத்த முழுங்கிட்டு உக்காந்திருக்கீங்க? டேய் க்ளோவிஸ், பிரமாதம்னு நீதானே சொன்ன? பொய் சொல்லிப் பய."

"ஆமாண்ணே, பொய்தாண்ணே, பொய்தான்." க்ளோவிஸ் முகமெல்லாம் கண்ணீராகச் சிலுவை போட்டுக்கொண்டார். "என் புகை தெரியுதாண்ணே?"

ஒநெசீம் இன்னொரு கரண்டி எடுத்தார். அறை முழுவதும் அந்தக் கரண்டியோடு மேலே போய்க் கீழே வந்தது.

"இல்ல. புகை தெரியல. உப்பும் தெரியல, உறைப்பும் தெரியல. எல்லாம் இன்னும் அட்டைதான்." அடுத்த கரண்டி. "இந்தப் பாழாப்போன இனிப்பு மட்டும் தெரியுது. நல்லாத் தெரியுது." அவர் கண் ஈரமாகியிருந்தது, தனக்கே நம்பிக்கை வராதவர்போல் இன்னும் ஒரு கரண்டி எடுத்து, அது அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

வாழ்நாள் முழுக்க அவர் வெறுத்து ஒதுக்கிய ஒன்று, மற்ற ருசியெல்லாம் போனபிறகு அதுதான் முதல் ஆளாகத் தேடி வந்திருக்கிறது. இதை என்னவென்று சொல்வது? குப்பைக்குப் போக இருந்த எலும்பு. ரெனெல் தன் கையால் செய்த தப்பு.

எல்வினா அவர் முன்னால் தரையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஏப்ரனை முகத்தில் அழுத்திக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். அந்தக் குலுக்கலுக்கு நடுவே, இத்தனை வருடமும் இருந்த பழக்கத்தில், கேட்டாள்:

"அப்ப கம்போ எப்படி இருக்கு, மனுசா?"

"கேவலமா இருக்கு" என்றார் ஒநெசீம். கிண்ணம் காலியாகிவிட்டிருந்தது. அதை அவள் பக்கம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."